அமெரிக்காவில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலக வழக்கறிஞருக்கு என்ன வேலை?

அட்டர்னி ஜெனரல் என்றால் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. அவருடைய அலுவலக வழக்கறிஞரின் முக்கிய வேலைகளில் ஒன்று, சுருக்கமாகச் சொன்னால், ஒரு நிறுவனம் மக்களை ஏமாற்றுகிறதா என்று மாநிலத்தின் சார்பில் விசாரித்து, தேவைப்பட்டால் வழக்குப் போடுவது.

இதற்குத் தனியாக ஒரு வழக்கறிஞர் எதற்கு? சந்தையில் தராசு கிலோவுக்கு 50 கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50 கிராமுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள். ஆனால் ஊர் முழுக்கச் சேர்த்தால் பெரிய கொள்ளை. அதனால்தான் முத்திரை ஆய்வாளர் வந்து தராசைச் சோதிக்கிறார். இவரும் அப்படித்தான், தராசுக்குப் பதில் கம்பெனியின் கணக்கும் கடிதங்களும்.

வேலையின் பெரும்பகுதி வாசிப்புதான். வழக்குத் தொடரும் முன்பே ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் பல மாநிலங்களில் உண்டு. நியூயார்க்கில் பங்குச்சந்தை மோசடியை விசாரிக்க இந்த அதிகாரத்தைத் தரும் மார்ட்டின் சட்டம் 1921லேயே வந்துவிட்டது. மினசோட்டா மாநிலம் 1994இல் சிகரெட் கம்பெனிகள் மீது போட்ட வழக்கில் கோடிக்கணக்கான உள் ஆவணப் பக்கங்கள் வெளியே வந்தன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தவர்களின் பொறுமை எனக்கு இன்றும் மலைப்பு. 1998இல் 46 மாநிலங்கள் சேர்ந்து செய்த ஒப்பந்தத்தில் அந்த கம்பெனிகள் 25 ஆண்டுகளில் 20,000 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டன.

அப்புறம், பலர் நினைப்பதுபோல இவை எல்லாம் ஜெயிலுக்கு அனுப்பும் வழக்குகள் அல்ல. பெரும்பாலும் சிவில் வழக்குகள்தான், அபராதம், பணத்தைத் திருப்பித் தரவைப்பது, தவறை நிறுத்தும் தடையுத்தரவு ஆகியவற்றோடு முடிபவை.