இங்கிலாந்தில் ஒரே ஒரு பழைய ஊர்த் தேவாலயம் பார்க்க நேரமிருந்தால் எதைப் பார்க்கலாம்?

கேள்வி கேட்டவர் வட இங்கிலாந்துக்கு ஒரு வாரம் போகிறார். பெரிய கதீட்ரல்கள் பட்டியலில் இருக்கின்றன, சாதாரண மக்கள் கும்பிட்ட பழைய ஊர்க் கோயில் ஒன்றையும் பார்க்க வேண்டும், எது என்று கேட்டிருக்கிறார். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. எஸ்கோம்ப்.

டர்ஹாமில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே வருகிற எல்லோரும் டர்ஹாம் கதீட்ரலைப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். பிரமாண்டமான கட்டடம்தான், சந்தேகமில்லை. அதைக் கட்டத் தொடங்கியது 1093இல். அங்கிருந்து பஸ்ஸில் பிஷப் ஆக்லாண்ட் போய், இன்னும் கொஞ்சம் மேற்கே வியர் ஆற்றங்கரைக்குப் போனால் எஸ்கோம்ப் என்ற சிற்றூர். அங்கிருக்கும் செயின்ட் ஜான் தேவாலயம் சுமார் கி.பி. 670–675இல் கட்டியது. கதீட்ரலுக்கு முதல் கல் வைத்தபோதே இதற்கு நானூறு வயது ஆகியிருந்தது.

முதல் முறை போனபோது வழி தவறிவிட்டதோ என்று நினைத்தேன். சுற்றிலும் சாதாரணக் குடியிருப்பு வீடுகள், துணி காயும் கொடிகள், நிறுத்தி வைத்த கார்கள். நடுவே வட்டமாக ஒரு மதில், அதற்குள் கல்லறைகள், அவற்றுக்கு நடுவே ஒல்லியாக உயர்ந்த ஒரு கல் கட்டடம். கோபுரம் கிடையாது, பக்கக் கூடங்கள் கிடையாது. கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் சாவி தொங்கும், எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு மாட்டிவிட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம் என்று தெருவில் போன ஒரு பாட்டி சொன்னார். ஆயிரத்து முந்நூறு வருடப் பழைய கட்டடத்தின் சாவி முன்பின் தெரியாத என் கையில் இருந்தது. அந்தக் கனம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்தக் கோயிலை உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அதன் கதை முழுவதும் சுவரில்தான் இருக்கிறது.

இங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் பின்செஸ்டர் என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. ரோமானியர்கள் அதை வினோவியா என்று அழைத்தார்கள். கி.பி. 410 வாக்கில் பிரிட்டனில் ரோம ஆட்சி முடிந்த பிறகு கோட்டை மெல்ல மெல்லப் பாழாகிவிட்டது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, கிறிஸ்தவம் வடக்கே புதிதாக வேர்விட்ட காலத்தில், எஸ்கோம்ப்காரர்களுக்கு ஒரு கோயில் தேவைப்பட்டது. அச்சாகச் செதுக்கிய கற்கள் கோட்டையில் கேட்பாரற்றுக் கிடந்தன. எடுத்து வந்து கட்டிவிட்டார்கள்.

வடக்குச் சுவரில் ஒரு கல்லைத் தேடுங்கள். அதில் லத்தீன் எழுத்தில் 'லெக்' என்றும், பக்கத்தில் ரோமன் எண்ணில் ஆறு என்றும் வெட்டியிருக்கும். ரோமப் படையின் ஆறாவது லீஜியன் என்று பொருள். கல் தலைகீழாக இருக்கிறது! யார்க் நகரைத் தளமாகக் கொண்டிருந்த படைப்பிரிவு அது. அவர்கள் பெருமையோடு பொறித்த பெயர் அடுத்து வந்த கொத்தனாருக்கு எதுவுமே சொல்லவில்லை. படிக்கத் தெரியாதவராக இருந்திருக்கலாம், தெரிந்தும் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். கல்லின் சமமான பக்கம் எது என்பதுதான் அவருக்கு முக்கியம். நான் அந்த எழுத்துகளைப் படிக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தேன். மற்ற கற்களிலும் சாய்சதுரமாகக் குறுக்கும் நெடுக்கும் உளிக்கோடுகள் தெரியும். அது ரோமானியக் கல்தச்சர்களின் கைவேலை.

தெற்குச் சுவரில், உயரத்தில், ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. மூன்றே கோடுகள். வழிபாட்டு வேளை தெரிந்தால் போதும் என்ற காலத்துக் கடிகாரம். அதைச் சுற்றிப் பாம்பு போன்ற ஒரு உருவம் வளைந்து கிடக்கிறது. வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கும் சூரியக் கடிகாரங்களில் பிரிட்டனிலேயே மிகப் பழையது இதுதான் என்று சொல்கிறார்கள்.

சரி, உள்ளே போகலாம். மக்கள் கூடும் கூடத்தின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு. அகலம் நாலரை மீட்டர்கூட இருக்காது, சுவரோ ஏழு மீட்டருக்கு எழும்பி நிற்கிறது. ஒரு ஆழமான பெட்டிக்குள் இறங்கியதுபோல இருக்கும். கோயிலைக் கட்டிய சாக்ஸன் காலத்து (ரோமானியர்களுக்குப் பின் இங்கிலாந்தை ஆண்ட மக்களின் காலம்) ஜன்னல்கள் மிக உயரத்தில், மிகச் சிறியவை. தெற்கே உள்ளவற்றுக்கு வளைந்த தலை, வடக்கே உள்ளவற்றுக்குத் தட்டையான தலை. வெளியே சின்னத் துவாரம்தான், ஆனால் சுவரின் கனத்துக்குள் சரிவாக அகன்றுகொண்டே உள்ளே வருகிறது. குளிரும் காற்றும் குறைவாகவே நுழையும், கிடைக்கும் வெளிச்சம் விரிந்து பரவும். கீழே இருக்கும் பெரிய ஜன்னல்கள் எல்லாம் பிற்காலத்தவை, அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கூடத்தையும் பீடம் இருக்கும் சிறு அறையையும் பிரிக்கும் வளைவுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். குறுகலாக, உயரமாக, எந்த அலங்காரமும் இல்லாமல் நிற்கிறது. இரு பக்கத் தூண் கற்களைக் கவனியுங்கள். ஒரு நீளக் கல் நிமிர்ந்து நிற்கும், அதன் மேல் ஒரு கல் படுத்திருக்கும், மறுபடி நிமிர்ந்த கல். சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவிப் போகிற கற்கள் இவை. இப்படி அடுக்கும் முறைக்கே கட்டடக்கலை ஆய்வாளர்கள் 'எஸ்கோம்ப் பாணி' என்று இந்த ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். இந்த வளைவு பின்செஸ்டரில் ஏதோ ஒரு ரோமானியக் கட்டடத்தில் நின்று, அப்படியே பிரித்து இங்கே மறுபடி பூட்டப்பட்டது என்பது பலருடைய கருத்து. வளைவின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். இடைக்காலத்து வண்ணக் கோலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைபேசி விளக்கை அடித்தால் நன்றாகத் தெரியும்.

இவ்வளவு பழைய கட்டடம் மாறாமல் எப்படித் தப்பியது என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்க் கோயில்களை 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை பணம் வந்தபோதெல்லாம் இடித்தும் நீட்டியும் கட்டினார்கள். கம்பளி வியாபாரம் செழித்த ஊர்களில் கோயிலைப் பார்த்தாலே தெரியும். எஸ்கோம்ப் சின்ன ஊர். அகலப்படுத்தக் காசும் இருந்திருக்காது, அவசியமும் வந்திருக்காது.

ஆனாலும் ஒருமுறை கைநழுவப் பார்த்தது. 1863இல் மேட்டின் மேல் பெரிதாகப் புதுக் கோயில் கட்டி எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். பழையது பராமரிப்பு இல்லாமல் சிதையத் தொடங்கியது. இதன் அருமை தெரிந்தவர்கள் முயற்சி எடுத்து 1875–80இல் பழுதுபார்த்தார்கள். புதுக் கோயிலை 1971இல் இடித்துவிட்டார்கள். இன்று ஊர் மக்கள் கும்பிடுவது மறுபடி இந்தப் பழைய சுவர்களுக்குள்தான். நான் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சேகரத்தில் வளர்ந்தவன். எங்கள் ஊரிலும் பழைய கோயிலை இடித்துப் புதுசு கட்டுவோம் என்ற பேச்சு அவ்வப்போது வரும். இதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எஸ்கோம்ப் கதையைத்தான் சொல்கிறேன்.

வெயில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், சூரியக் கடிகாரத்தின் செதுக்கல் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். கோடைக்காலம் என்றால் அன்றைக்கே பின்செஸ்டரையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே குளியல் இல்லத்தின் அடித்தளத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. காலையில் அந்தக் கற்களைத் தொட்டுவிட்டு மதியம் எஸ்கோம்ப் சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஒரே குவாரியின் பிள்ளைகளோ என்று தோன்றும். அப்புறம், கதவைப் பூட்டிச் சாவியை மறக்காமல் அதே இடத்தில் மாட்டிவிடுங்கள்.