அது கிறுக்கல் இல்ல ஆச்சி, தமிழ்தான்

கேள்வி: எங்க ஐயா பர்மாவுல லேவாதேவி பண்ணுன கதை, பங்காளி வீட்டு விவரம், என் கல்யாணத்துச் சாமான் பட்டியல்னு எல்லாத்தையும் அப்பச்சி 2003-ல கம்ப்யூட்டர்ல அடிச்சு வச்சிட்டுப் போயிட்டாக. பென் டிரைவ்ல வச்சே திறந்து ஒரு பேரைத் திருத்திக்கிட்டிருந்தேன், கரண்டு போச்சு. அப்புறம் திறந்தா ஃபைல் கெட்டுப்போச்சுங்குது வேர்டு. பேரன் ஏதோ பண்ணித் திறந்தான், முழுக்க இங்கிலீஷ் கிறுக்கல். அடுத்த மாசம் முன்னோருக்குப் படைக்கிற படைப்பு, எல்லாரும் வருவாக, பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். அவ்வளவுதானா?
– காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி

பதில்: ஆச்சி, மொதல்ல அந்த பென் டிரைவ்ல இனிமே எதையும் சேவ் பண்ணாதீக, ஃபைலை வேற கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி எடுத்துட்டு அந்தக் காப்பியில மட்டும் கை வையுங்க.

பேரன் பண்ணுனது சரியான வேலைதான், வேர்டுல ஓபன் போய் ஃபைல் வகைங்கிற எடத்துல ‘ரெகவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்’னு ஒண்ணு இருக்கும், அதைத்தான் போட்டிருப்பான். அது எழுத்தை மட்டும் உருவிக் குடுக்கும், ஃபாண்ட் படம் எல்லாம் போயிரும். உங்களுது பழைய டாக் (.doc) ஃபைலா இருக்கப் போய்த் தப்பிச்சீக, அதுல எழுத்து சுருக்காம அப்படியே கெடக்கும். 2007-க்குப் பிறகு வந்த டாக்எக்ஸ் (.docx) உள்ளுக்குள்ள ஒரு ஜிப் மூட்டை, அதுக்கு இந்த வழி பலிக்காது, பேர்ல கடைசியை ஜிப்னு மாத்தி, பிரிச்சு, உள்ள வேர்டுங்கிற ஃபோல்டர்ல டாக்குமெண்ட்ங்கிற (document.xml) ஃபைலைத் தேடணும்.

இப்ப அந்தக் கிறுக்கல். அந்தக் காலத்துல நம்மாளுக நெறைய பேரு பாமினி ஃபாண்ட்லதான் அடிச்சாக, அதுல தமிழ் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்து எடத்துல உக்காந்திருக்கும். கிறுக்கல்ல ஒரே அரைப்புள்ளியா (;) கெடக்கான்னு பாருங்க, அதுதான் பாமினியில மெய்யெழுத்துப் புள்ளி. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு (jkpo;) வரிசையா இருந்தா அது ‘தமிழ்’ங்கிற வார்த்தை! பாமினியை ஏத்தி, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி அந்த ஃபாண்டைப் போட்டா அப்பச்சி எழுதுனது கண்ணுக்குத் தெரிஞ்சிரும். தெரியலைன்னா வேற பழைய ஃபாண்டா இருக்கும், பழைய கம்ப்யூட்டர் இருந்தா அதுல என்ன ஃபாண்ட் கெடக்குன்னு பாக்கச் சொல்லுங்க.

மேலயும் கீழயும் வர்ற கட்டம் கட்டமான குப்பையை அழிச்சிட்டு, பழைய ஃபாண்ட் எழுத்தை மாத்திக் குடுக்குற என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு, இப்ப எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தெரியுற யூனிகோடா மாத்திக்கங்க. நடுவுல நெசமாவே இங்கிலீஷ்ல அடிச்ச பேரு, விலாசம் இருந்தா அதை முன்னாடியே தனியா எடுத்து வையுங்க, இல்லாட்டி அதுவும் தமிழ்க் கிறுக்கலாயிரும். வேலை முடிஞ்சதும் பேரனை அந்த ஃபைல் வகையைப் பழையபடி மாத்தச் சொல்லுங்க, மறந்தா நல்ல ஃபைலும் இதே மாதிரிதான் தொறக்கும், அப்புறம் வீட்ல யாரும் அவனைக் கம்ப்யூட்டர் பக்கம் விடமாட்டாக.

சாமான் பட்டியல்ல மட்டும் கட்டமெல்லாம் போய் எவர்சில்வரும் வெள்ளியும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வரும், அதைப் பிரிக்கும்போது நீங்களே பக்கத்துல உக்காந்துக்கங்க.