ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எழுத்து எங்கே போடுவது? ஓய்வுபெற்ற ப்ரூஃப் ரீடரின் பதில்கள்

பெயர்ச்சொல்லுக்குக் கேப்பிட்டல் என்று பள்ளியில் படித்தேன். டேபிளும் பெயர்ச்சொல்தானே?

ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், டேபிளுக்கும் கேப்பிட்டல். ஒருகாலத்தில் ஆங்கிலத்திலும் பலர் அப்படி எழுதினார்கள்; 1787ல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதியில் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்குக் கேப்பிட்டல்தான். இன்றைய ஆங்கிலத்தில் சிறப்புப் பெயருக்கு மட்டும். ரிவர் என்றால் சிறிய எழுத்து, வைகை ரிவர் என்றால் இரண்டுக்கும் பெரிய எழுத்து.

விண்ணப்பத்தில் 'நான் டீச்சராக வேலை பார்க்கிறேன்' என்று எழுதும்போது டீச்சருக்கு?

சிறியது. அது வேலை, பெயர் இல்லை. மரியாதைக்காகக் கேப்பிட்டல் போடாதீர்கள்.

மதருக்கு ஒரு இடத்தில் பெரிய எம், இன்னொரு இடத்தில் சின்ன எம். ஏன்?

அந்த இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'லட்சுமி, சாப்பிட வா' சரியாக நிற்கிறது. அப்படி மதர் என்றே கூப்பிட்டு எழுதினால் பெரிய எழுத்து. 'மை லட்சுமி ஊரில் இருக்கிறார்' என்று யாரும் எழுத மாட்டார்கள். அதனால் மை மதர் என்றால் சிறியது. அங்கிள், ஆன்ட்டிக்கும் இதே சோதனைதான்.

ரெஸ்யூமேயில் பாடங்களின் பெயர்?

தமிழ், இங்கிலீஷ் என்று மொழிகளுக்குப் பெரியது. ஹிஸ்டரி, பிசிக்ஸ் சும்மா பாடமாக வந்தால் சிறியது.

கலெக்டருக்கு?

பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டி வந்தால் பெரியது. 'கலெக்டர் வந்தார்' என்று தனியாக வந்தால் பத்திரிகை நடையில் சிறியது. அரசுக் கடிதங்களில் எல்லாப் பதவிக்கும் பெரியது போடுவார்கள். அது அலுவலக வழக்கம், அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம். மற்றபடி மரியாதைக்காகப் போடாதீர்கள்.

மரியாதைக்கு இல்லையென்றால் கடவுளைச் சொல்லும் 'ஹி'க்கு மட்டும் ஏன் பெரிய ஹெச்?

நல்ல கேள்வி, மாட்டிவிட்டீர்கள். அது பக்தியால் வந்த வழக்கம்தான், ஆனால் கட்டாயம் இல்லை. 1611ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே கடவுளுக்கான 'ஹி' வாக்கியத்தின் நடுவில் சிறிய ஹெச்தான். பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லையே!

அப்படியானால் அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் குறிக்கும் 'பிளாக்' என்பதற்குப் பெரிய பி போட்டது? அது மரியாதை இல்லாமல் வேறு என்ன?

விட மாட்டீர்கள் போல. சரி, முழுதாகவே சொல்கிறேன்.

அவர்களைக் குறிக்க நீக்ரோ என்ற சொல் புழக்கத்தில் இருந்தபோது அதைச் சின்ன என் போட்டு அச்சடித்தார்கள். கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு, 1930ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பெரிய என்னுக்கு மாறியது. வெறும் அச்சு மாற்றமாக இல்லாமல், தலைமுறைகளாகச் சிறிய எழுத்தில் இருந்தவர்களின் சுயமரியாதையை ஏற்பதாகவே அதைச் சொன்னது. 2020ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் நியூயார்க் டைம்ஸும் பிளாக்குக்குப் பெரிய பி போட்டன. ஒயிட்டுக்கு இரண்டுமே சிறியதாக வைத்துக்கொண்டன. அதற்கும் சண்டை நடந்தது.

ஆக, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்டது பதவிக்குச் சலாம் இல்லை. தமிழர், ஐரிஷ்காரர் என்று எழுதும்போது கிடைக்கும் பெரிய எழுத்தை, ஒரு மக்களின் பெயர் என்ற முறையில் தங்களுக்கும் கேட்டார்கள். சேர்மனுக்கு அந்த வழக்கு பொருந்தாது.

நியூட்டன் அலகுக்கு எந்த என்?

பேஷ். முழுச் சொல்லாக எழுதினால் சிறியது, குறியீடாகப் போட்டால் பெரியது. கெல்வினுக்கும் வோல்ட்டுக்கும் அதேதான். டிகிரி செல்சியஸ் மட்டும் விலக்கு: டிகிரிக்குச் சிறியது, செல்சியஸுக்குப் பெரியது. அவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கே அலகில் சின்ன எழுத்து, பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படி விரிப்பது?

என் துறை இல்லை. பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் கேளுங்கள்.

மாதம், கிழமை, பருவம்?

முதல் இரண்டுக்கும் பெரியது. சம்மர், வின்ட்டருக்குச் சிறியது.

'எங்கள் பிரின்சிபால்' என்று எழுதினால்?

டீச்சருக்குச் சொன்னதுதான்.

ஹெட்மாஸ்டருக்கு?

ஐயா, மேலே படியுங்கள்.

எங்கள் மேனேஜிங் டைரக்டர் தன் பதவிக்கு எல்லா இடத்திலும் கேப்பிட்டல் கேட்கிறார். நான் திருத்தினால் கோபப்படுகிறார்.

போட்டுக் கொடுத்துவிடுங்கள். நானும் எங்கள் ஆபீஸில் போட்டுத்தான் கொடுத்தேன்.