ஒரே மெட்டு, இரண்டு தலைப்பு: பாக்கின் 214

ஒரே மெட்டு இரண்டு தலைப்புகளில் வருகிறதே, பதிவில் பெயர் மாறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, யாரும் பெயரை மாற்றிப் போடவில்லை. நீங்கள் சந்தேகப்பட்ட பி.டபிள்யூ.வி. 214 (ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புப் பட்டியலில் 214-ஆம் எண்) பதிவும் சரி, அதே மெட்டில் தொடங்கும் கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோவும் (சமயக் கதையைச் சொல்லும் நீண்ட இசைப் படைப்பு) சரி. இரண்டுமே பாக்கின் இசைதான்.

214 ஒரு பிறந்தநாள் கன்டாட்டா, அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த பல பகுதிப் பாட்டு. போலந்து அரசி மரியா யோசெபாவுக்காக 1733 டிசம்பர் 8 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பாடப்பட்டது. அரசியை வாழ்த்தும் பாட்டை அடுத்த வருடமும் பாட முடியாதே! அதனால் 1734 கிறிஸ்துமஸுக்கு அதே இசையில் புதுச் சொற்களைப் பொருத்திவிட்டார்.

இதைச் செய்து பாருங்கள்: ஹெட்போன் போட்டு, 214-இன் முதல் கோரஸை முதல் நொடியிலிருந்து கேளுங்கள். முரசு மட்டும் தனியாகத் தொடங்கும். அப்புறம் புல்லாங்குழல், எக்காளம் எல்லாம் வந்து சேரும். பாடகர்கள் நுழையும்போது அந்த முரசின் அடியையே ஒரே குரலாகப் பாடுவார்கள். சொற்கள் என்ன தெரியுமா? 'முழங்குங்கள் முரசுகளே, ஒலியுங்கள் எக்காளங்களே!' ஓரட்டோரியோவில் அந்த வரி போய் 'ஆர்ப்பரியுங்கள், மகிழுங்கள்' என்று வருகிறது. முரசு மட்டும் அப்படியே முதலில் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒன்று கவனியுங்கள். 214 முழுவதும் அங்கே போகவில்லை. ஒன்பது பகுதிகளில் நான்குதான். டெனரைவிட உயர்ந்த குரலான ஆல்ட்டோ பாடிய ஓர் ஆரியா (தனிக்குரல் பாட்டு) அங்கே உயர்ந்த ஆண்குரலான டெனருக்குப் போயிருக்கிறது. ஒரு பதிவு அரை ஸ்வரம் தாழ்வாகக் கேட்டால், பழங்கால வாத்தியங்களை, இன்று வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 415 ஹெர்ட்ஸ் சுருதியில் வாசித்திருப்பார்கள்.