மரியாளும் மர்யமும் ஒன்றுதானா?

கேள்வி: கொடைக்கானலில் ஆகஸ்ட் மாதம் சலேத் மாதா திருவிழா நடக்கும்போது, எங்கள் தெருவில் இருக்கும் பாய் குடும்பமும் வந்து நின்று தேர் பார்க்கிறார்கள். அவர் மகளுக்குப் பெயரே மரியம். "முஸ்லிம்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்கள்தான், இரண்டு மதமும் சொல்வது ஒன்றுதான்" என்று நான் சொன்னால் பாய் சிரித்தபடி மறுக்கிறார். பங்குச் சாமியாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் சொல்வதில் என்ன தப்பு?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனாலும் தப்புதான். மரியாளைக் குர்ஆன் மர்யம் என்கிறது. முஸ்லிம்கள் அந்த மர்யமைக் கும்பிடுவதில்லை. அல்லாஹ்வைத் தவிர வேறு யாரையும், நபிமார்களைக்கூட, வணங்கக் கூடாது என்பது அவர்கள் மார்க்கத்தின் அஸ்திவாரம். அதையே பிடுங்கிப் போட்டுவிட்டு "நாம் ஒன்று" என்கிறீர்கள். பாய் சிரித்ததோடு விட்டாரே, அது அவருடைய பெருந்தன்மை.

மதிக்கிறார்களா என்று கேளுங்கள், அது வேறு. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான். 19ஆம் அத்தியாயத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் வருவதைவிட அதிகமான தடவை அவர் பெயர் அங்கே வருகிறது. ஆண் துணையின்றிப் பிள்ளை பெற்றார் என்பதை இருவருமே நம்புகிறார்கள்.

அந்தப் பிரசவத்தைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். லூக்கா நற்செய்தியில் கூடவே யோசேப்பு இருக்கிறார். பெத்லகேம், விடுதியில் இடமில்லை, தீவனத்தொட்டி, இடையர்கள். இது உங்களுக்கு மனப்பாடம். குர்ஆனில் யோசேப்பே இல்லை. ஊரைவிட்டு ஒதுங்கிப் போன மர்யம் தனியாக இருக்கிறார். வலி தாங்காமல் ஒரு பேரீச்ச மரத்தடிக்கு வருகிறார். "இதற்கு முன்பே நான் செத்துப்போயிருக்கக் கூடாதா" என்று கதறுகிறார். கவலைப்படாதே, உன் காலடியில் நீரோடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும் என்று ஒரு குரல் கேட்கிறது. அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறார். சனங்கள் பழிக்கிறார்கள். அவர் வாய் திறக்காமல் குழந்தையைக் கைகாட்டுகிறார். தொட்டில் குழந்தை பேசுகிறது: நான் அல்லாஹ்வின் அடியான், என்னை அவன் நபியாக்கினான்.

இங்கேதான் வழி பிரிகிறது. லூக்காவில் வானதூதர் மரியாளிடம், பிறக்கப்போகும் குழந்தை இறைமகன் எனப்படும் என்கிறார். அதே அற்புதம், அதே தாய், ஆனால் பிள்ளை யார் என்பதற்கு நேர் எதிரான பதில். தகப்பனின்றிப் பிறந்ததால் ஈஸா (இயேசுவுக்குக் குர்ஆனில் வரும் பெயர்) கடவுளாகிவிட மாட்டார், ஆதமையும் அல்லாஹ் அப்படித்தானே படைத்தான் என்று கேட்கிறது குர்ஆன். கிறிஸ்தவமோ 431இல் எபேசு நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் மரியாளை இறைவனின் தாய் என்றே அறிவித்தது. ஒருவருக்கு அவருடைய உச்சப் பெருமையாக இருக்கும் பட்டம் மற்றவருக்கு நாவால் சொல்லக் கூடாதது. (கிறிஸ்தவர்களுக்குள்ளும் எல்லாம் ஒன்றில்லை. புராட்டஸ்டண்டுகளான கொடைக்கானல் சி.எஸ்.ஐ. சபையினர் மாதாவுக்குத் தேர் இழுப்பதில்லையே.)

இன்னொன்று, உங்கள் சலேத் மாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1846இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் மார்பில் பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசு அறையப்பட்ட சிலுவை, தொங்கியது. அதன் இருபுறமும் சுத்தியலும் குறடும். ஈஸாவைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்பது குர்ஆன். அப்படியானால் சிலுவையடியில் நின்ற தாய், மடியில் மகனின் உடலை ஏந்திய வியாகுல மாதா, இவர்களுக்கெல்லாம் அங்கே இடமே கிடையாது. மரியாளின் துக்கத்தைத்தான் உங்கள் ஊரில் தேரேற்றி இழுக்கிறீர்கள். அதையும் பேரீச்ச மரத்தடித் துக்கத்தையும் ஒன்று என்றால் இரண்டையுமே கேட்காமல் விடுகிறீர்கள். சாமியார் ஒப்புக்கொள்ளாததற்கும் காரணம் இதுதான்.

வேற்றுமையைச் சொன்னால் சண்டை வரும் என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. பாய் மறுத்த பிறகும் தேர் பார்க்க வருகிறார் அல்லவா? அடுத்த தடவை அவரிடம் நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டாம். மர்யம் அத்தியாயத்தை ஓதிப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். அவர் கேட்டால், தாய் சிலுவையடியில் நிற்கும் யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.