ஜூன் கடைசில கார்பெட் போலாமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹார்ல இருக்கோம். பையனுக்கு எட்டு வயசு, லீவ்ல உத்தராகண்ட்ல இருக்கற ஜிம் கார்பெட் தேசியப் பூங்காக்கு போய் புலி பாத்தே ஆகணும்னு ஒரே அடம். ஜூன் கடைசி வாரம் போலாம்னு இருக்கோம். மாமியாரும் வராங்க, அவங்களுக்கு முதுகு வலி உண்டு. எந்த ஸோன் புக் பண்றது?

பதில்: மொதல்ல தேதிய மாத்துங்க. கார்பெட் காட்ட தனித்தனி கேட் வெச்சு ஸோன் ஸோனா பிரிச்சிருக்காங்க, அதுல உயிரே டிகாலா ஸோன்தான், அத ஜூன் 15-க்கு மூடிட்டா அப்புறம் நவம்பர் 15-க்குத்தான் திறப்பாங்க. ஜூன் கடைசின்னா ஜிர்னா, டேலா மாதிரி வருஷம் பூரா திறந்திருக்கற ஸோன்தான் சுலபமா கிடைக்கும், மோசமில்ல, ஆனா டிகாலா டிகாலாதான். டெல்லி ஸ்கூலுக்கு மே பாதிலயே லீவ் விட்டுடறாங்களே, மே கடைசில போங்க. வெயில் கொளுத்தும், ஒத்துக்கறேன். ஆனா அந்த வெயில்லதான் ராம்கங்கா அணைத் தண்ணி வத்தி, புல்வெளி வெளில வந்து, யானைங்க குட்டியும் குளுவானுமா கூட்டமா மேய வரும், அத உங்க பையன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

புலி? 2022 கணக்குப்படி அங்க 260 இருக்கு, நாட்டுலயே அதிகம். ஆனாலும் கண்ணுல படும்னு யாரும் கேரண்டி குடுக்க முடியாது, பையன்கிட்ட இத இப்பவே சொல்லிடுங்க. அதுக்குப் பதிலா காட்டோட சத்தத்தக் கேக்கக் கத்துக் குடுங்க. சால் மரத்துக்கு நடுவுல ஜிப்ஸி (சஃபாரிக்குப் போற திறந்த ஜீப்) போயிட்டிருக்கும், திடீர்னு டிரைவர் இன்ஜின ஆஃப் பண்ணுவார், ஒரு புள்ளிமான் வால தூக்கிக்கிட்டு முன்னங்கால தரைல தட்டித் தட்டி ஒரே பக்கமா பாத்து கத்திட்டிருக்கும், மரத்து மேல லங்கூர் குரங்கும் அதே பக்கம் பாத்து குரல் குடுக்கும், புலி பக்கத்துல இருக்கலாம்னு எச்சரிக்கை அது, எந்தப் பக்கம்னு பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க. எனக்கு புலி பாத்தத விட அந்த அஞ்சு நிமிஷம்தான் பெருசு.

டிகாலாக்குள்ள ஜிப்ஸில போகணும்னா உள்ள ரெஸ்ட் ஹவுஸ்ல தங்க ரூம் இருக்கணும். ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்டோட அஃபிஷியல் சைட்லயே புக் பண்ணுங்க, அதே மாதிரி பேர் வெச்சு நிறைய சைட் இருக்கு, பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பாத்துக்கோங்க. புக்கிங்ல குடுத்த அதே ஐடி ஒரிஜினல் எல்லாரும் கைல வெச்சிருக்கணும், இல்லன்னா கேட்லயே நிறுத்திடுவாங்க.

டெல்லிலேர்ந்து மொராதாபாத், காஷிபூர் வழியா காட்டோரத்து ஊரான ராம்நகர் சுமார் 250 கிலோமீட்டர், கார்ல அஞ்சாறு மணி நேரம். அன்னிக்கே காட்டுக்குள்ள போகாதீங்க, மாமியாருக்காக ராம்நகர்ல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க, ஏன்னா ஸோனுக்குள்ள நுழையற தங்கடி கேட்லேர்ந்து டிகாலாக்கு இன்னும் 30 கிலோமீட்டர் கிட்ட காட்டு ரோடு. ஜிப்ஸில பின் சீட்டு தூக்கித் தூக்கிப் போடும், அவங்கள டிரைவருக்கு நேர் பின்னாடி சீட்ல உக்கார வெச்சு, இடுப்புக்கு ஒரு சின்ன தலகாணி குடுங்க. உள்ள போயிட்டா நினைச்ச இடத்துல வண்டிய விட்டு இறங்க விடமாட்டாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லுங்க.