பெயெர்செபா: ஏழா, ஆணையா?

கேள்வி: வேதாகமத்தில் வரும், இன்றைய இஸ்ரேலின் தெற்கே உள்ள ஊரான பெயெர்செபா என்றால் 'ஏழு கிணறு' என்று ஒருவர் சொல்கிறார், 'ஆணையின் கிணறு' என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? முன்னால் வரும் 'பெயெர்' நம்முடைய 'பெயர்' தானா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, ஒரு சம்பந்தமும் கிடையாது. எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்குக் கிணறு என்று பொருள், அவ்வளவுதான். அரபியிலும் இதே சொல்தான், அதனால்தான் அரபிக்காரர்கள் இந்த ஊரை 'பிர் அஸ்ஸபா' என்கிறார்கள். தமிழ் எழுத்தில் வந்து உட்கார்ந்ததும் நம் கண்ணுக்குப் 'பெயர்' மாதிரி தெரிகிறது, பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

சரி, ஏழா ஆணையா? வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 21-ம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம் தோண்டிய துரவை (தமிழ் வேதாகமம் கிணற்றை இப்படித்தான் சொல்கிறது) அந்தப் பக்கத்து ராஜாவான அபிமெலேக்கின் வேலைக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். ஆபிரகாம் கேட்டதற்கு அபிமெலேக்கு, எனக்குத் தெரியவே தெரியாது, இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்கிறான். அதன்பின் ஆபிரகாம் ஆடுமாடுகளைக் கொடுத்து உடன்படிக்கை செய்கிறார், ஆனால் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளை மட்டும் தனியாக நிறுத்துகிறார். இது எதற்கு என்று அவன் கேட்கிறான். இந்தத் துரவை நான்தான் தோண்டினேன் என்பதற்குச் சாட்சியாக இவற்றை நீ வாங்கிக்கொள் என்கிறார். பத்திரம் எழுதி கையெழுத்து வாங்கும் காலம் இல்லையே, கண்ணெதிரில் நிற்கும் ஏழு ஆடுதான் பத்திரம்! அடுத்த வசனத்திலேயே, இருவரும் அங்கே ஆணையிட்டுக்கொண்டதால் அந்த இடத்துக்கு இந்தப் பெயர் வந்தது என்று இருக்கிறது.

ஆக, ஆடு ஏழு, ஆணையும் உண்டு. எபிரெயத்தில் ஏழு என்பது 'ஷெவா', ஆணையிட்டான் என்பது 'நிஷ்பா'. இரண்டுக்கும் ஷீன், பேத், ஆயின் என்ற அதே மூன்று எழுத்துகள்தான் அடிப்படை. கதை சொன்னவருக்கு இது நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் ஆடுகளின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கடைசியில் காரணம் சொல்லும்போது ஆணைக்குத் தாவுகிறார். நம் புலவர்கள் சிலேடை வைப்பார்களே, அதேதான். இதில் ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றைப் பிடித்தால் பாதிச் சுவை போய்விடும். தவறு என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: 'ஏழு கிணறு'. பெயரில் கிணறு ஒருமையில் இருக்கிறது, 'ஏழின் கிணறு' என்று வேண்டுமானால் சொல்லலாம். அங்கே ஏழாக இருந்தவை ஆட்டுக்குட்டிகள்.

போகிற போக்கில் ஒன்று. ஆபிரகாம் அங்கே ஒரு தோப்பை உண்டாக்கினார் என்று தமிழில் வாசிக்கிறோம். மூலத்தில் இருப்பது 'ஏஷெல்', வறண்ட நிலத்திலும் பிழைத்து நிற்கிற ஒருவகை மரம், அதுவும் ஒருமையில்.

கேள்வி: அப்படியானால் ஆதியாகமம் 26-ல் ஆபிரகாமின் மகன் ஈசாக்கு ஏன் மறுபடியும் அதே பெயரை வைக்கிறார்?

பதில்: அந்த அதிகாரமே கிணற்றுச் சண்டைதான். தகப்பன் காலத்தில் தோண்டியவற்றை அந்தப் பகுதியில் வாழ்ந்த பெலிஸ்தர் தூர்த்துவிட்டார்கள், ஈசாக்கு மறுபடி தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே இடுகிறார். புதிதாகத் தோண்டியதற்கும் சண்டை வந்தது, அதற்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம். அடுத்தது சித்னா, பகை. சண்டையே வராத மூன்றாவதுக்கு ரெகொபோத், தாராளமான இடம். பெயர்களை வரிசையாக வாசித்தாலே கதை புரிந்துவிடும். அப்புறம் அபிமெலேக்கு சமாதானம் பேச வருகிறான், மறுபடி ஆணை, அதே நாளில் வேலைக்காரர்கள் தண்ணீர் கண்டோம் என்று ஓடிவருகிறார்கள். அதற்குச் சேபா என்று பேரிட்டார், அதனால் ஊர் பெயெர்செபா என்கிறது வசனம். இரண்டு தலைமுறைக்கும் ஒரே தகராறு, ஒரே மாதிரி ஆணை, எனவே ஒரே பெயர். எனக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

கேள்வி: அந்தக் கிணறு இன்றும் இருக்கிறதா?

பதில்: இன்றைய நகரத்துக்குக் கிழக்கே பழைய ஊர் புதைந்த மேடு ஒன்று இருக்கிறது, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் வாசலுக்கு வெளியே 69 மீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு உண்டு. ஆனால் அந்த மேட்டில் தோண்டி எடுத்த மதிலும் வீடுகளும் பெரும்பாலும் ஆபிரகாமுக்கு வெகுகாலம் பிந்திய ராஜாக்களின் காலத்தவை, ஆகவே ஆபிரகாமின் கிணறு இதுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஊரின் மதிப்பு மட்டும் கடைசிவரை கிணற்றில்தான் இருந்தது. முதல் உலகப் போரில், 1917 அக்டோபர் 31 அன்று, துருக்கியர் கையில் இருந்த இந்த ஊரைப் பிடிக்க ஆஸ்திரேலியக் குதிரைப்படை மாலை வெளிச்சம் மறைவதற்குள் பாய்ந்ததற்கு முக்கியமான காரணம் தாகத்தில் இருந்த குதிரைகள். துருக்கியர் கிணறுகளைத் தகர்க்க வெடி வைத்திருந்தார்கள், பெரும்பாலானவை வெடிப்பதற்குள் கைக்கு வந்துவிட்டன.